ஞாயிறு பின்னேரம் அறையில் இருங்கள்

கேள்வி: நான் களுவாஞ்சிகுடியைச் சேர்ந்தவள். பல்கலைக்கழகத்தில் கல்வியியல் மூன்றாம் வருடம், ஆங்கிலம் என் பாடம். மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் வருகிற ஒக்டோபரிலிருந்து ஒரு செமஸ்டர் ஜேர்மனியின் கொலோன் நகரத்துக்குப் போகிறேன். எரஸ்மஸ் உதவித்தொகை மாதம் 850 யூரோ. திங்கள் முதல் வியாழன் வரை அங்குள்ள பாடசாலை ஒன்றில் கற்பித்தல் பயிற்சி, வெள்ளிக்கிழமை பல்கலைக்கழக வகுப்பு, சனி ஞாயிறு லீவு. பரிஸ், ரோம், பிராக், பார்சிலோனா என்று பன்னிரண்டு நகரங்களை எழுதி வைத்திருக்கிறேன். இந்த வாய்ப்பு இனிக் கிடைக்காதே! அப்பாவோ, "படிப்பிக்கப் போறியா, ஊர் சுத்தப் போறியா?" என்று கேட்டுவிட்டு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சுவிசில் சின்னம்மா, பரிசில் மாமா, லண்டனில் மச்சாள் இருக்கிறார்கள். எல்லோரும் இப்போதே கூப்பிடுகிறார்கள். வார இறுதியில் பயணம் போனால் பயிற்சி கெடுமா? காசு காணுமா? ஒரே விசாவில் எல்லா நாட்டுக்கும் போகலாமா?
– ஒரு மாணவி, களுவாஞ்சிகுடி

பதில்: தங்கச்சி, போய் வாருங்கள், ஊரும் சுற்றுங்கள். எனக்கு வழக்கு அந்தப் பன்னிரண்டு நகரப் பட்டியலோடுதான். அதை மூன்று நான்காகக் குறைத்து, அவற்றையும் பாடசாலை விடுமுறைக்குத் தள்ளிவிட்டு, சாதாரண சனிக்கிழமைகளை ஒரு மணி, இரண்டு மணித் தூரத்துக்குள் வைத்துக்கொண்டால் பயிற்சியும் கெடாது, காசும் காணும்.

வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போய்வருகிற பிள்ளைகள் தொழில் வழிகாட்டலுக்கென்று என்னிடம் வரும்போது, நான் முதலில் விசாரிப்பது திங்கட்கிழமைக் காலையைப் பற்றித்தான். ஜேர்மன் பாடசாலைகள் எட்டு மணிவாக்கில் தொடங்கிவிடும். டிசம்பரில் கொலோனில் சூரியன் உதிக்கவே எட்டரை ஆகும். இருட்டில் எழும்பி, இருட்டில் ட்ராம் பிடித்து, குளிரில் மரத்த விரலோடு வகுப்புக்குள் போக வேண்டும். முதல் நாள் இரவு முழுக்க பிராக்கிலிருந்து வருகிற பஸ்ஸில் கழுத்தைச் சாய்த்துத் தூங்கியவளுக்கு அந்தக் காலை எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். தரம் ஆறு பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். ரீச்சருக்கு இன்றைக்கு ஏலாது என்பதை மூன்றாவது நிமிடமே கண்டுபிடித்துவிடுவார்கள். அது கல்முனையிலும் ஒன்றுதான், கொலோனிலும் ஒன்றுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. அங்கு போன உடனே உங்களிடம் வகுப்பைத் தர மாட்டார்கள். முதல் சில வாரம் பின் வாங்கில் இருந்து பார்க்க வேண்டும், குறிப்பு எழுத வேண்டும். பிறகு ஒரு பத்து நிமிடப் பயிற்சியைச் செய்யச் சொல்வார்கள். அதன் பின்தான் முழுப் பாடவேளை. எப்போது, எவ்வளவு கையளிப்பது என்பது உங்கள் வழிகாட்டி ஆசிரியரின் கையில். அவர் பார்ப்பது சின்னச் சின்ன விஷயங்களை: நேரத்துக்கு வருகிறாளா, ஞாயிறு பின்னேரமே பாடத்திட்டத்தை மின்னஞ்சலில் அனுப்பினாளா, போன பாடத்தில் வாய் திறக்காத பிள்ளையின் பெயர் அவளுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று. இரண்டு திங்கட்கிழமை தூக்கக் கண்ணோடு போனால், முழுப் பாடவேளை தள்ளித் தள்ளிப் போய் ஜனவரியாகிவிடும். யாரும் ஏச மாட்டார்கள். நன்றாகச் சிரித்துப் பேசுவார்கள், வகுப்பை மட்டும் தர மாட்டார்கள்.

ஆகவே நான் தருகிற நிபந்தனை ஒன்றுதான்: ஞாயிறு பின்னேரம் ஐந்து மணிக்கு அறையில் இருக்க வேண்டும். ஐந்து மணி என்று சொல்லக் காரணம் ரெயில். ஜேர்மன் ரெயில் மணி தவறாது என்று இங்கே ஒரு கதை உலாவுகிறது, அங்கே இருப்பவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். தூர ரெயில்கள் பிந்துவது சாதாரணம். ஒன்று பிந்தினால் அடுத்த இணைப்பு போய்விடும். ஒரு மணித்தியாலம் பிந்தினால் டிக்கெட்டில் கால் பங்கும், இரண்டு மணித்தியாலம் பிந்தினால் பாதியும் திருப்பிக் கேட்க ஐரோப்பியச் சட்டம் இடம் தருகிறது, கேட்டு வாங்குங்கள். ஆனால் கடைசி ரெயிலை நம்பி மட்டும் டிக்கெட் போட வேண்டாம். அதோடு ஞாயிற்றுக்கிழமை அங்கே கடைகள் பூட்டு. பெரிய ரெயில் நிலையங்களில் சில கடைகள் திறந்திருக்கும், விலை கண்ணைக் கட்டும். சனி விடியப் போய் ஞாயிறு இரவு வந்தால் திங்கள் காலைக்குப் பாணும் இல்லை, பாலும் இல்லை.

சரி, பக்கத்தில் என்ன இருக்கிறது? உங்கள் பல்கலைக்கழகப் பதிவோடு ஜேர்மனி முழுவதும் செல்லுபடியாகும் செமஸ்டர் டிக்கெட் வருகிறதா, பரிமாற்ற மாணவிக்கும் அது உண்டா என்று இப்போதே எழுதிக் கேளுங்கள். இல்லையென்றால் டொய்ச்லாண்ட் டிக்கெட் இருக்கிறது. 2023 மே மாதம் மாதத்துக்கு 49 யூரோ என்று தொடங்கியது, 2026 ஜனவரியிலிருந்து 63. அதை வைத்துக்கொண்டு பஸ், ட்ராம், பிராந்திய ரெயில் எல்லாவற்றிலும் ஏறலாம், கடுகதிகளில் ஏற முடியாது. அது சந்தா முறை. நிறுத்துவதென்றால் அந்த மாதம் பத்தாம் திகதிக்குள் நிறுத்த வேண்டும், மறந்தால் அடுத்த மாதக் காசும் போய்விடும்.

அந்த டிக்கெட்டோடு மேற்கே ஒரு மணித்தியாலம் போனால் ஆகென். பேரரசன் சார்லமேன் கட்டிய தேவாலயம் அங்கே இருக்கிறது. யுனெஸ்கோ 1978 இல் வெளியிட்ட முதலாவது உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பிடித்த பன்னிரண்டில் அதுவும் ஒன்று. ஊருக்கு வெளியே ஜேர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து மூன்றும் சந்திக்கிற எல்லைக்கல். அந்தக் குன்றின் உயரம் 322 மீற்றர், குடும்பிமலையைப் பார்த்த கண்ணுக்கு அது மலையாகவே தெரியாது. ஆனாலும் ஒரே நிமிடத்தில் மூன்று நாட்டில் கால் வைத்துவிட்டு அன்றிரவே அறைக்கு வந்துவிடலாம். பட்டியலில் நாடுகளின் எண்ணிக்கை கூட வேண்டும் என்ற ஆசைக்கு இது மலிவான மருந்து. தெற்கே அரை மணித்தியாலத்தில் பொன் (Bonn) நகரம், இசைமேதை பீத்தோவன் பிறந்த ஊர். அங்கே ஜேர்மனியின் போருக்குப் பிந்திய வரலாற்றைச் சொல்லும் அரும்பொருளகத்துக்கு அனுமதி இலவசம். கொஞ்சம் தூரம் போக மனம் வந்தால் ட்ரியர், அங்கிருந்து லக்சம்பேர்க். அந்த நாட்டில் 2020 மார்ச் முதல் பஸ், ட்ராம், இரண்டாம் வகுப்பு ரெயில் எதற்கும் காசில்லை.

வீட்டு ஞாபகம் வந்து தொண்டை அடைக்கிற ஒரு சனிக்கிழமை வரும், பெரும்பாலும் நவம்பரில். அன்றைக்கு வடக்கே ஹம் நகரத்துக்கு ரெயில் ஏறுங்கள். அங்குள்ள ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயிலுக்கு 2002 இல் கும்பாபிஷேகம் நடந்தது. கோபுரத்தோடு நம்மவர்கள் கட்டியெழுப்பியது. தேர் கோடையில் என்பதால் உங்களுக்குத் தப்பிவிடும், பூசை பார்க்கலாம். தமிழில் நாலு வார்த்தை கதைக்க ஆளும் கிடைக்கும்.

நான் கட்டாயம் போகச் சொல்கிற இடத்துக்கு ரெயிலே தேவையில்லை. கொலோன் நகரத்தின் நடுவிலேயே எல்டே ஹவுஸ் என்றொரு கட்டடம் இருக்கிறது. 1935 டிசம்பரிலிருந்து 1945 மார்ச் வரை கெஸ்டாப்போ என்கிற, ஹிட்லரின் நாசி அரசுடைய இரகசியப் பொலிசின் கொலோன் தலைமையகம் அதுதான். நிலவறையில் சிறைக்கூடங்கள் அப்படியே இருக்கின்றன. உள்ளே அடைபட்டவர்கள் பென்சிலாலும் சோக்காலும் நகத்தாலும் சுவரில் எழுதிய வரிகள் சுமார் 1,800 இன்னும் அழியாமல் இருக்கின்றன. பல மொழிகளில், பெயர், திகதி, வீட்டுக்கு ஒரு சேதி என்று. இன்றைக்கு அது ஆவணக் காப்பகமும் அரும்பொருளகமும். பாடசாலைப் பிள்ளைகளை வகுப்பு வகுப்பாக அங்கே கூட்டி வருகிறார்கள். ஒரு சனிக்கிழமை நீங்கள் தனியாகப் போய்ப் பாருங்கள். அப்புறம் உங்கள் பாடசாலையின் வரலாற்று ஆசிரியர் பிள்ளைகளோடு போகிற நாள் இருந்தால், நானும் வரட்டுமா என்று கேளுங்கள். தன் நாடு செய்த கொடுமையைப் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு முன்னால் நின்று ஒரு ஆசிரியர் எப்படிச் சொல்கிறார், பிள்ளை கேட்கிற கேள்விக்கு எப்படி முகம் கொடுக்கிறார், எங்கே பேச்சை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளைப் பார்க்க விடுகிறார் என்று கவனியுங்கள். நம்முடைய பக்கத்தில் நடந்தவை பாடப்புத்தகத்துக்குள் வராமலே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. வகுப்பில் யாராவது கேட்டுவிட்டால் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்கிற நல்ல ஆசிரியர்களை எனக்குத் தெரியும், அவர்களைக் குறை சொல்லவும் மாட்டேன். நாளைக்கு நீங்களும் அந்த இடத்தில்தான் நிற்கப் போகிறீர்கள். ரோமில் இரண்டு நாள் எடுக்கிற படங்களைவிட இந்த ஒரு காலை உங்கள் தொழிலுக்கு உதவும் என்பது என் அபிப்பிராயம்.

தூரப் பயணங்களுக்கு வருவோம். ஒக்டோபரில் பாடசாலைக்கு இரண்டு வார இலையுதிர்கால விடுமுறை உண்டு. நீங்கள் அப்போதுதான் போய் இறங்கியிருப்பீர்கள். குடிபுகுந்து இரண்டு வாரத்துக்குள் நகரசபையில் முகவரி பதிய வேண்டும், வங்கிக் கணக்கு, காப்புறுதி, தடித்த சப்பாத்து என்று அலைச்சல் இருக்கும். அதிலே பயணம் போடாதீர்கள். நத்தாருக்கு மறுபடி இரண்டு வாரம் பூட்டுவார்கள், சின்னம்மாவும் மாமாவும் அதற்குத்தான். பெப்ரவரியில் கொலோன் கார்னிவல் வருகிறபோது, ஊர்வலத் திங்கட்கிழமை பெரும்பாலான பாடசாலைகள் நடப்பதில்லை. அப்போது மூன்று நாள் சேர்த்து ஒரு பிராக்கோ ஆம்ஸ்டர்டாமோ போகலாம். ஆனால் கார்னிவலைக் கொலோனில் இருந்தே பார்க்க வேண்டும் என்று உங்கள் வகுப்புப் பிள்ளைகள் பிடிவாதம் பிடிப்பார்கள், அவர்கள் சொல்வதும் நியாயம்தான். நவம்பர் 11 ஐ ஒட்டிய மாலைகளில் எங்கும் போகாதீர்கள். புனித மார்ட்டின் நாளுக்குச் சின்னப் பிள்ளைகள் தாங்களே செய்த கடதாசி விளக்குகளோடு பாட்டுப் பாடி ஊர்வலம் போவார்கள். பக்கத்து ஆரம்பப் பாடசாலை ஊர்வலத்துக்கு ஒத்தாசைக்கு ஆள் தேடினால் கை தூக்குங்கள்.

உறவினர் வீடு பற்றி வெளிப்படையாகச் சொல்கிறேன். வாடகை இல்லை, சாப்பாடு இருக்கிறது, உண்மைதான். ஆனால் மாமா வீட்டுக்குப் போன பிள்ளை பரிசைப் பார்த்தது குறைவாகவே இருக்கும். நம்மவர் கடைகள் நிறைந்த லா ஷப்பல் தெரு, மாமியின் தங்கச்சி வீடு, ஒரு பிறந்தநாள் விழா, அதோடு இரண்டு நாள் முடிந்துவிடும். (லா ஷப்பலும் பார்க்க வேண்டிய இடம்தான், சொல்லப்போனால் கொத்துரொட்டிக்காகவாவது.) அதனால்தான் வார இறுதியில் போகாமல் ஒரு கிழமையாகப் போகச் சொல்கிறேன். லூவர் அரும்பொருளகத்தில் 26 வயதுக்குக் குறைந்த, ஐரோப்பியப் பொருளாதார வலயத்தில் வசிப்பவர்களுக்கு அனுமதி இலவசம். ஜேர்மனியில் வசிக்கிற அத்தாட்சியைக் காட்ட வேண்டும், முன்கூட்டியே இணையத்தில் நேரம் பதிய வேண்டும். சுவிசில் சின்னம்மா பேர்ன் பக்கம் என்றால் சமயங்களின் இல்லத்தைப் பார்க்கக் கேளுங்கள். 2014 டிசம்பரில் திறந்த அந்த ஒரே கட்டடத்துக்குள் நம் கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் பௌத்த மண்டபமும் இருக்கின்றன. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து ஆளுக்கு அங்கே யோசிக்க நிறைய இருக்கும்.

உறவினர்களிடமிருந்து இரண்டு கதை வரும். "ஞாயிற்றுக்கிழமை சும்மா எங்கட கடையில நில்லு, கைச்செலவுக்குத் தாறன்" என்பது ஒன்று. ஜேர்மன் விசாவை வைத்துக்கொண்டு பிரான்சிலோ சுவிசிலோ வேலை செய்ய அனுமதி இல்லை. சொந்தக்காரர் கடை என்றாலும் அது வேலைதான். ஜேர்மனியிலும் உங்கள் விசாவில் வேலை பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படித்த பிறகே எதையும் தொடங்குங்கள். மற்றது, "வந்தது வந்தாய், இனி ஏன் திரும்பிப் போறாய்?" அன்பில்தான் சொல்வார்கள். நீங்கள் திட்டத்தில் கையெழுத்து வைத்துப் போகிறவர். ஒரு பிள்ளை திரும்பி வராவிட்டால் அடுத்த வருடம் அந்த இடத்துக்கு இங்கிருந்து இன்னொரு பிள்ளையை எடுக்கப் பல்கலைக்கழகங்கள் தயங்கும். பின்னாளில் முதுமாணிக்கோ வேலைக்கோ நேர்வழியில் விண்ணப்பிக்கிற உங்கள் வாசலும் சேர்ந்தே அடைபடும்.

விசா: உங்களுக்குக் கிடைப்பது டி வகை தேசிய விசா. அதில் ஷெங்கன் வலயத்தின் (ஒரே விசாவை ஏற்கிற ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) மற்ற நாடுகளுக்கு எந்த 180 நாளிலும் 90 நாள் வரை போய்வரலாம், வார இறுதிப் பயணங்களால் அந்தக் கணக்கு நிரம்பவே நிரம்பாது. 2025 ஜனவரியில் பல்கேரியாவும் ருமேனியாவும் முழுமையாகச் சேர்ந்ததோடு வலயத்தில் 29 நாடுகள். சுவிஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஷெங்கனில் இருக்கிறது. அங்கே காசு பிராங்க், ஜேர்மன் சிம்மின் இணையத்துக்குத் தனிக் கட்டணம் விழலாம், எல்லைக்கு முன்பே டேட்டாவை நிறுத்துங்கள். லண்டனும் டப்ளினும் இந்த விசாவுக்குள் வராது. மச்சாளை கொலோனுக்கு வரச் சொல்லுங்கள், அவரிடம் பிரித்தானியக் கடவுச்சீட்டு இருந்தால் அவருக்கு அது சுகம். எங்கே போனாலும் கடவுச்சீட்டின் மூலப்பிரதி கையில் இருக்க வேண்டும். எல்லை இல்லை என்பார்கள், ஆனால் 2024 செப்டெம்பரில் ஜேர்மனி தன் நில எல்லைகள் எல்லாவற்றிலும் சோதனையைத் தொடங்கியது. இரவு இரண்டு மணிக்கு பஸ்ஸை நிறுத்தி ஒவ்வொருவராகக் கேட்பார்கள். போனில் இருக்கிற படம் அங்கே செல்லாது.

காசு: மாணவர் விடுதி அறைக்கு 350 இலிருந்து 400 யூரோ, மருத்துவக் காப்புறுதி உங்கள் தலையில் என்றால் மாதம் 150 அளவில், சமைத்துச் சாப்பிட்டால் சாப்பாட்டுக்கு 200. போன் செலவும் சேர்த்தால் கையில் மிஞ்சுவது நூறு சொச்சம். நகரசபையில் பதிந்து சில கிழமையில் தபாலில் ஒரு கடிதம் வரும்: வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம், ஒரு வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. டிவியே இல்லை என்றாலும் கட்ட வேண்டும். தூக்கிப் போடாதீர்கள், அறைத் தோழிகளோடு பங்கு போடுங்கள். ஆக மாதத்தில் இரண்டு பக்கத்துப் பயணம் தாராளமாகப் போகலாம். நத்தார்ப் பயணத்துக்கு ஒக்டோபரிலிருந்தே மாதம் நாற்பது ஐம்பது ஒதுக்குங்கள். மலிவு விமான டிக்கெட்டைக் கண்டு மயங்க வேண்டாம். இருபது யூரோவுக்குப் பரிஸ் என்பார்கள், இறக்கிவிடுவது போவே விமான நிலையத்தில், பரிசிலிருந்து 80 கிலோமீற்றருக்கு அப்பால். பைக்குத் தனிக் காசு, நகரத்துக்கு பஸ்ஸுக்குத் தனிக் காசு. யூரோவை ரூபாவாக மாற்றிப் பார்ப்பதை முதல் மாதத்தோடு விட்டுவிடுங்கள். ஒரு கோப்பிக்கு ஆயிரம் ரூபாவா என்று நெஞ்சடைத்தால் ஆறு மாதமும் அறைக்குள்ளேதான் இருப்பீர்கள்.

அப்பாவிடம் வாதாட வேண்டாம். பாடசாலை நேரசூசி வந்ததும் அதையே அவருக்குக் காட்டுங்கள். அங்கே பிள்ளைகள் உங்களை ரீச்சர் என்று கூப்பிட மாட்டார்கள். கடவுச்சீட்டில் குடும்பப் பெயராக அப்பாவின் பெயர் இருந்தால், அதற்கு முன்னால் ஃப்ராவ் என்ற மரியாதைச் சொல்லைப் போட்டு அந்தப் பெயரால்தான் கூப்பிடுவார்கள். ஒரு வகுப்பு முழுக்கத் தன் பெயரைச் சொல்லித் தன் மகளைக் கூப்பிடுகிறது என்று கேள்விப்பட்டால் அவருடைய கோபம் எத்தனை நாள் நிற்கும் என்று பார்ப்போம். ஒக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைப்பார்கள். அதன் பிறகு நமக்கும் அவர்களுக்கும் நான்கரை மணித்தியால வித்தியாசம். உங்கள் இரவு ஏழு மணிக்கு இங்கே பதினொன்றரை. மதிய இடைவேளையில் எடுங்கள், அப்பா பின்னேரத் தேத்தண்ணியோடு இருப்பார். வகுப்புப் பிள்ளைகளின் படத்தை மட்டும் அவருக்கும் அனுப்பாதீர்கள், முகநூலிலும் போடாதீர்கள். பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் அங்கே அது பெரிய பிரச்சினையாகிவிடும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. ஜேர்மனியில் 2020 மார்ச் முதல், 1970 இற்குப் பின் பிறந்த எவரும் பாடசாலையில் வேலை செய்யவோ பயிற்சி பெறவோ சின்னமுத்துத் தடுப்பூசி போட்ட அத்தாட்சியைக் காட்ட வேண்டும். இரண்டு ஊசி என்பது கணக்கு. உங்கள் சின்ன வயதுத் தடுப்பூசிப் புத்தகத்தை அம்மாவின் அலுமாரியில் தேடிப் பாருங்கள். வெள்ளத்திலோ இடம்பெயர்விலோ தொலைந்திருந்தால் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் பதிவேடு இருக்கிறதா என்று கேட்டு, ஆங்கிலத்தில் எழுதி முத்திரையோடு வாங்குங்கள். அங்கும் இல்லையென்றால் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று இரத்தம் சோதித்துப் பார்க்கலாம், அல்லது மறுபடி ஊசி போடலாம். இரண்டு ஊசிக்கும் இடையில் குறைந்தது நான்கு கிழமை விட வேண்டும் என்பதால் ஓகஸ்ட் வரை இழுக்க வேண்டாம். பொலிஸ் நற்சான்றிதழுக்கும் இந்தக் கிழமையே விண்ணப்பியுங்கள்.